ஒன்பது முள் கேபிள்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்கு 'ரெண்டு தடவை' என்று பட்டப்பெயர். வாங்கிக் கொடுத்தது அவளுடைய பயம். எந்தக் கேபிளை எந்தத் துளையில் செருகினாலும் உருவி, பார்த்து, மறுபடி செருகுவாள். வீட்டிலும் அதே கதைதான். "கேஸை மூடிட்டியான்னு அவகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, மூடினதைத் திறந்து மூடிட்டு வருவா" என்று அவள் கணவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் பயப்பட விஷயம் இருக்கிறது. சுவிட்ச் என்பது ஒரு தட்டைப் பெட்டி. கட்டடத்திலுள்ள கணினிகளும் கருவிகளும் அதன் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பெட்டி மக்கர் பண்ணினால் அதைத் தனியாக விசாரிக்க ஒரு தனித் துளை உண்டு. புதிய பெட்டிகளில் அது சாதாரண நெட்வொர்க் துளை மாதிரியே இருந்து ஆளை ஏமாற்றும். பழையவற்றில் ஒன்பது முள் சீரியல் துளை, அதுவும் முதுகுப் பக்கம். வாய் ஒரே மாதிரி இருக்கிறதே, உள்ளே வயரும் ஒரே மாதிரிதான் ஓடும் என்று நம்பியவன் தொலைந்தான். பதினேழு வருடத்தில் அவள் அப்படி நம்பியதே இல்லை. பையிலிருந்த ஒவ்வொரு கேபிளிலும் எது எதற்கு என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

அன்று காலை பதினோரு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் திரை விட்டு விட்டு அணைய ஆரம்பித்தது. பன்னிரண்டு படுக்கைகளின் நாடித்துடிப்பும் மூச்சும் அந்த ஒரே திரையில்தான் தெரியும். ஒவ்வொரு படுக்கையும் ஒரு கண்ணாடி அறைக்குள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே கருவி கத்துவது வெளியே கேட்காது. நர்ஸுகளோ இரண்டே பேர்.

கீழ்த்தளத்துச் சுவிட்ச் அறைக்கு அவள் ஓடி வந்தபோதே மேலாளர் போனில் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் உருவி உருவிப் பாத்துக்கிட்டு நிக்காதீங்கம்மா. இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்."

வேலை போய்விடுமோ என்ற பயம் மற்ற எல்லாப் பயத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவிட்ச் பழைய ரகம். பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான். எட்டிப் பார்க்காமல், தடவியே ஒன்பது முள் துளையைக் கண்டுபிடித்துக் கேபிளைச் செருகினாள்.

திடீரென்று அறை அமைதியாகிவிட்டது. பெட்டிகளுக்குள் ஓடிக்கொண்டிருந்த விசிறிகள் நின்றுவிட்டன. அவற்றின் எல்லா விளக்கும் அணைந்திருந்தது.

இப்போதுதான் எட்டிப் பார்த்தாள். அவள் செருகியது சுவிட்சில் இல்லை. அதற்கு நேர் கீழே இருந்து மின்சாரம் கொடுக்கும் யூபிஎஸ்ஸின் துளையில். தனக்கென்று வந்த கேபிளைத் தவிர வேறு எதைச் செருகினாலும் சட்டென்று மின்சாரத்தை நிறுத்திவிடும் ரகம் அது. அவளுக்குத் தெரியாததா? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்வதே அதைத்தான்.

கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு யூபிஎஸ்ஸின் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் மெல்லச் சுற்ற ஆரம்பித்தன. சுவிட்ச் முழுதாக எழுந்திருக்க ஆறு நிமிடம் ஆகும். அதுவரை மேலே பன்னிரண்டு பேரும் கண்காணிப்பார் இல்லாமல் கிடப்பார்கள்.

கையில் போன் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. காலையிலிருந்தே திரை அணைந்து அணைந்து எரிகிறது, இதுவும் அதுபோலத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேலே அழைத்தாள்.

"சிஸ்டர், நான்தான் தப்பா சொருகி எல்லாத்தையும் நிறுத்திட்டேன். ஆறு நிமிஷத்துக்கு ஸ்கிரீன் வராது. ஒவ்வொரு ரூமா உள்ள போய்ப் பாருங்க. உடனே!"

மூத்த நர்ஸ் திட்டவில்லை. போனை மேஜையில் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கதவுகள் திறக்கும் ஓசையும், பார்த்து முடித்த படுக்கையை அவள் உரக்கச் சொல்வதும் கேட்டன. "ஒன்னு சரி! ரெண்டு சரி!" ஆறு வரை வந்தது.

ஏழு வரவில்லை.

யாரோ ஓடினார்கள். ஏதோ தள்ளுவண்டி உருண்டது. அப்புறம் ஒன்றுமில்லை. அவள் தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கடவுளே, என்னை வேலையைவிட்டுத் துரத்தட்டும், அந்த உயிர் மட்டும் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். சுவிட்சில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை.

"எட்டு சரி!"

பன்னிரண்டும் முடிந்தபின் நர்ஸ் மூச்சு வாங்கப் போனை எடுத்தாள்.

"ஏழுல ஆக்ஸிஜன் குழாய் கழண்டு கிடந்துச்சும்மா. உதடெல்லாம் நீலமாயிட்டு இருந்துச்சு. இப்ப மூச்சு சரியா வருது, கண்ண முழிச்சுட்டாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதான். நல்லவேளை, நீங்க உடனே சொன்னீங்க."

"ம்" என்றாள் அவள்.

அன்று மாலை அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினாள். தடவிச் செருகியதை, பார்க்காததை, தப்பு தன்னுடையது என்பதை. மேலாளர் படித்துவிட்டு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நின்ற அந்த அரை நிமிடத்தை மட்டும் அவள் எழுதவில்லை. கணவனிடம்கூடச் சொல்லவில்லை.