ஒடிலாவின் தலையில் கொட்டிய கூட்டம்

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், எங்கள் தெருவில் பல் செட் செய்து பிழைத்தவள் ஒடிலா. அவள் தம்பி டூலியோவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனும் அவனைப் போன்றவர்களும் சைகை மொழியில் வீடியோ போட்டுப் பேசிக்கொள்ளட்டும் என்று வீட்டுப் பின்னறையில் ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வைத்தாள். முதலாளி இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தின் பகுதி அது. ஆளாளுக்கு ஒரு சர்வர் நடத்துவார்கள். எதில் சேர்ந்தாலும் எல்லோரோடும் பேசலாம்.

அவற்றில் பெரியது இலாரியோவின் சர்வர். ஒடிலாவுக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்ட சிநேகிதன் அவன்.

ஒரு பெரிய கம்பெனியின் தளம் பிடிக்காமல் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். அத்தனை பேரும் இலாரியோவிடமே போய்ச் சேர, அவன் சர்வருக்கு மூச்சு முட்டியது. ஒடிலா அவன் வீட்டுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன்.

"ஒரே இடத்துல அடைச்சா எப்படிடா தாங்கும்? புதுசா வர்றவங்களை மத்த சர்வருக்கெல்லாம் பிரிச்சு அனுப்பு. யாரால எவ்வளவு முடியும்னு கேட்டுட்டு அனுப்பு."

இலாரியோ மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "கூட்டம் என்கிட்ட வருதுன்னு உனக்கு வயித்தெரிச்சல்டி."

அந்த வாரமே அவன் சர்வர் படுத்தது. 'இங்கே இடமில்லை, அங்கே போங்கள்' என்று அறிவிப்புப் போட்டான். அதில் இருந்தது ஒடிலாவின் முகவரி மட்டும். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புது ஆட்கள் சேர்வதை அவள் நிறுத்துவதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. வீடியோக்கள் பாதிக் கையசைவில் உறைந்து நின்றன. வந்தவர்கள், "நடத்தத் தெரியலேன்னா எதுக்கு வெச்சிருக்க?" என்று அவளையே ஏசினார்கள்.

அந்த நாட்களில்தான் ஒடிலாவின் சர்வரில் இருந்த அம்பாரோவின் கணவன் செத்துப்போனான். இருவருக்குமே காது கேட்காது. அடக்கத்துக்கு வாருங்கள் என்று அம்பாரோ போட்ட வீடியோ யாருக்கும் போய்ச் சேரவில்லை. வாயை மட்டும் அசைத்த பாதிரியார் முன்னால் அவள் தனியாக நின்று கணவனைப் புதைத்தாள்.

மறுநாள் ஒடிலாவின் வாசலில் வந்து நின்றாள். அவள் கைகள் வேகவேகமாகப் பேசின. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டூலியோவிடம் ஜாடையில் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒடிலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அம்பாரோ போனதும் ஒடிலா இலாரியோவுக்கு போன் போட்டாள். "கேக்காம ஏண்டா என் தலையில கொட்டின?"

"நீதானே சுமையைப் பகிர்ந்துக்கணும்னு சொன்ன? பகிர்ந்துட்டேன்."

அதற்கப்புறம் அவனோடு அவள் பேசவே இல்லை.

தன் சர்வரையும் மூடிவிட்டாள். வந்த கூட்டம் சலித்துப்போய்ப் பழைய கம்பெனித் தளத்துக்கே திரும்பிவிட்டது. இலாரியோ இன்னும் பெரிய சர்வர் வாங்கினான். சுமையைச் சர்வர்கள் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று இப்போது ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறான். டூலியோவும் அவன் கூட்டாளிகளும் வேறு வழியில்லாமல் அந்தக் கம்பெனித் தளத்தில்தான் இருக்கிறார்கள்.

அம்பாரோ மட்டும் எதிலும் சேரவில்லை.