பெயின்ட் அடிக்கிற அன்னிக்கு பஜ்ஜி

கடலை மாவு எண்ணெய்ல விழுற சத்தம்... பக்கத்துலயே தின்னர் வாசனை... இந்த ரெண்டும் சேர்ந்தா எனக்கு டெக்சாஸ்ல, காப்பெல்ல நாங்க இருந்த வீட்டு காரேஜ்தான் ஞாபகம் வரும்.

வீட்டுக்குள்ள பொரிச்சா புள்ளைங்க ஜாக்கெட் எல்லாம் நாறுதுன்னு, நம்மாளுங்க பாதிப் பேர் காரேஜ்ல இன்னொரு அடுப்பு வச்சிருப்போம்ல... நானும் வச்சிருந்தேன். ஓரத்துல என் அடுப்பு, நடுவுல இவரோட கார்.

கார்னா புதுசு இல்லைங்க. இவரை விட வயசான ஃபைபர்கிளாஸ் பாடி கார். ரெண்டே சீட். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு இது எதுக்குங்கன்னு கேட்டேன். "இது தகரம் இல்ல சுதா, துருவே பிடிக்காது"ன்னார். என் கேள்விக்கு இதுவா பதில்?

வாங்கின கொஞ்ச நாள்ல இவருக்கு லேஆஃப். க்ரீன் கார்டு இருந்ததால மூட்டை கட்டணும்ங்கிற பயம் இல்ல. ஆனா மனுஷன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கிறார். இன்டர்வியூ கால் வந்தாலும் எடுக்கிறதில்ல.

ஒரு நாள் தானாவே எழுந்து போய் காரைத் தேய்க்க ஆரம்பிச்சார். கெமிக்கல் போட்டு பெயின்டை உரிச்சா ஃபைபர்கிளாஸ் கெட்டுடுமாம், அதனால எல்லாமே உப்புத்தாள் வச்சு கையாலதான். வீடெல்லாம் வெள்ளைத் தூசி. நான் பாட்டுக்குத் துடைச்சுக்கிட்டே இருந்தேன். எழுந்தாரே, அது போதும்னு இருந்தது.

முதல் தடவை சிவப்பு அடிக்கிற அன்னிக்கு, "நல்ல காரியம், சூடா வாழைக்காய் பஜ்ஜி போடு"ன்னார். அதுவே வழக்கமாயிடுச்சு. காலையில பிசுக்கு எடுக்கிற டிகிரீஸர் போட்டு பாடியைத் துடைப்பார். நான் பஜ்ஜி போடுவேன். நின்னுக்கிட்டே சாப்பிடுவோம். அப்புறம் அடுப்பை அணைச்சு, சிலிண்டரை வெளிய கொண்டு போய் வச்சு, நல்லா காத்தாட விட்டுட்டுதான் பெயின்ட் டப்பாவையே திறப்பார். நெருப்பு விஷயத்துல அவ்ளோ கவனம்!

அடிச்சு முடிக்கல... பானெட் மேல குட்டி குட்டியா பள்ளம். கல்லுல எண்ணெய் அதிகமாகி தோசை மாவு ஒட்டாம விலகுமே, அப்படி.

ஃபைபர்கிளாஸுக்குள்ள காத்து மாட்டியிருக்கும்னு சொல்லி, டெக்சாஸ் வெயில்ல நாள் கணக்கா நிறுத்தினார். மறுபடி தேய்ச்சு, மறுபடி ப்ரைமர், மறுபடி பஜ்ஜி... மறுபடி பள்ளம்.

பெயின்ட் கடைக்காரர் போட்டோவைப் பார்த்துட்டு, ஏதோ எண்ணெய் பட்டிருக்குன்னார். ஸ்ப்ரே பண்ற காத்தோட எண்ணெய் வருதோன்னு இவர் கம்ப்ரெஸர் ஃபில்டரை மாத்தினார். அப்புறம் என் தலைல இருக்கிற தேங்காய் எண்ணெய் மேல சந்தேகம்! இனிமே தலைல துணி கட்டிக்கிட்டுதான் காரேஜுக்கு வரணும்னு சட்டம். கட்டிக்கிட்டேன்... கட்டிக்கிட்டு பஜ்ஜி போட்டேன்.

மூணாவது தடவையும் அதே பள்ளம். ஸ்ப்ரே கன்னைக் கீழ வச்சுட்டு, "எனக்கு எதுவுமே சரியா வராது சுதா. இதை யாராவது எடுத்துட்டுப் போகட்டும்"னார். மறுநாள் எழுந்திருக்கல. கார் போனா போகட்டும்... மனுஷன் திரும்பப் படுத்துட்டாரேன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

என்ன பண்றதுன்னே தெரியாம காரேஜை க்ளீன் பண்ணப் போனேன். அங்க இருந்த பழைய ஃப்ரிட்ஜ் மேல கை வச்சா... பிசுபிசுன்னு. அடுப்புக்கு மேல இருக்கிற ஷெல்ஃப்ல படியுமே, அதே எண்ணெய்ப் பிசுக்கு. டூல் பாக்ஸ் மேல, புள்ளைங்க சைக்கிள் மேல, எல்லாத்துலயும். துடைச்சு வச்ச கார் மேலயும் இதுதானே இறங்கியிருக்கும்?

ஓடிப் போய் இவரை எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன். விரலைப் பிடிச்சு ஃப்ரிட்ஜ் மேல தேய்ச்சேன். விரலைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ... பஜ்ஜியா?"

சிரிக்கிறாரா அழறாரான்னு எனக்குப் புரியல.

அடுப்பு பேக்யார்டுக்குப் போச்சு. ரெண்டு பேருமா காரேஜை சுவர் வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினோம். அடுத்த தடவை பெயின்ட் கண்ணாடி மாதிரி உட்கார்ந்தது. இவர் போன் கால் எடுக்க ஆரம்பிச்சதும் அதுக்கப்புறம்தான்.

இப்போ கலிஃபோர்னியாவுல, சான் ரமோன்ல இருக்கோம். வேலை, மீட்டிங், ட்ராஃபிக். கார் கவர் போட்டு நிக்குது, மேல ஒரு புள்ளி கிடையாது. பஜ்ஜி வேணும்னா டேக்அவுட். காரேஜ் அவ்ளோ சுத்தம்... நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அங்க நின்னு எவ்ளோ நாளாச்சுன்னு தெரியல.

வேலை இல்லாத அந்த நாளெல்லாம் திரும்ப வரவே கூடாதுன்னுதான் சாமி கும்பிடுறேன். ஆனா போன வாரம் காரேஜ்ல இருக்கிற ட்ரையர்ல துணி போடப் போனவ, கவரைத் தூக்கி பானெட் மேல விரலைத் தேய்ச்சுப் பார்த்தேன்.

வழுக்கிட்டுப் போச்சு.

அதுக்கு ஏன் எனக்கு ஏமாத்தமா இருந்ததுன்னு... இன்னும் புரியல.