ஜெபராஜ் வீட்டு ஏரியல் கம்பம்

காவேரிப்பட்டினத்தில் ஐம்பதுகளின் தொடக்கத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் மற்றவர்கள் கூரைமேல் ஒரு மூங்கிலை நட்டுக் கம்பியை இழுத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஜெபராஜ் மட்டும் கொல்லையில் இரண்டு சவுக்கு மரங்களை போல்ட் போட்டு இணைத்து நாற்பதடிக் கம்பம் நிறுத்தினார். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்த மனிதர். மூங்கில் போதுமய்யா என்று அவரிடம் யார் சொல்வது? தபாலாபீசில் வருஷா வருஷம் ரேடியோ லைசென்ஸைப் புதுப்பித்து, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அப்பேர்ப்பட்ட ஒழுங்கு.

அந்த ஒழுங்கெல்லாம் பொழுது சாயும்வரைதான். விளக்கு வைக்கும் நேரத்தில் தென்பெண்ணைப் பக்கமிருந்து காற்று எழும்பும். கம்பி முனகத் தொடங்கும். ஜெபராஜ் அண்ணாந்து பார்க்கமாட்டார். பார்த்தால் உச்சியில் இரண்டு கால்கள் தெரியும். ஒரு காலில் பூட்ஸ் இருக்காது.

அந்தக் கால்கள் ஆஞ்சப்பனுடையவை. அடுத்த வீட்டு கோவிந்தப்பனின் ஒரே மகன். ஜெபராஜோடு சேர்ந்து பட்டாளத்துக்குப் போனவன். பர்மாக் காட்டில் ஒரு நாள் வயர்லெஸ் செட்டு சரியாகக் கேட்கவில்லை என்று, "மேல ஏறி ஏரியலை இன்னும் ரெண்டடி தூக்கிக் கட்றா" என்று அவனை மரத்தில் ஏற்றிவிட்டவர் ஜெபராஜ்தான். எங்கிருந்தோ ஒரே ஒரு குண்டு. பையன் கீழேகூட விழவில்லை, கிளையில் சிக்கித் தொங்கினான். ஒரு பூட்ஸ் மட்டும் கழன்று விழுந்தது. இதை ஊரில் ஒருவரிடமும் ஜெபராஜ் சொன்னதில்லை. கேட்டவர்களிடம், "வேற வேற பக்கம் பிரிஞ்சிட்டோம்" என்றார். பயம், வேறென்ன?

ஆஞ்சப்பனின் பெண்டாட்டி முனிலட்சுமி தாலியும் குங்குமமுமாகத்தான் இருந்தாள். காணாமல் போனவனுக்குக் கருமாதி செய்வது எங்கே உண்டு? கம்பம் நட்ட நாளிலிருந்து தினமும் பொழுது சாய வேலியோரம் வந்து நிற்பாள். திரும்பி வருகிற சிப்பாய்கள் பேரை ரேடியோவில் வாசிப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

"பேரு எதுனா சொன்னாங்களாண்ணா?"

"இல்லம்மா."

அவ்வளவுதான். போய்விடுவாள். அப்புறம் ஜெபராஜுக்குச் சோறு இறங்காது.

ஐம்பத்தைந்தில் கோவிந்தப்பன் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டார். காற்றடித்தால் கம்பம் அழுவதுபோல முனகுகிறது, இடியை இழுக்கிறது, சாய்ந்தால் எங்கள் கூரைமேல்தான் விழும், பிடுங்கச் சொல்லுங்கள் என்று. விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். லைசென்ஸைப் பார்த்துத் தலையாட்டினார். கம்பத்திலிருந்து வேலிவரை டேப் பிடித்து அளந்தார், பதினோரு அடி. உதட்டைப் பிதுக்கினார்.

"லைசென்ஸ் ரேடியோப் பெட்டிக்குத்தான். அடுத்தவர் இடத்துல விழற மாதிரி கம்பம் நிறுத்தினா, அந்த இடத்துச் சொந்தக்காரர் சம்மதம் வேணும். அவர் வேண்டாம்னா எடுத்துட வேண்டியதுதான். பெரியவரே, பட்டா யார் பேர்ல?"

கோவிந்தப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. மகன் அனுப்பிய சம்பளத்தில் வாங்கி, ஆசையாய் அவன் பேரிலேயே பதிந்த மனை அது. "எம் மவன் பேர்லங்க."

"அப்ப அவர் கையெழுத்தில்லாம மனு செல்லாதே. எங்க இருக்கார்? இறந்திருந்தா சொல்லுங்க, வாரிசுன்னு எழுதிக்கறேன்."

கிழவர் அதிகாரியை விட்டு நகர்ந்தார். ஜெபராஜின் கையைப் பிடித்து முருங்கை மரத்தடிக்கு இழுத்துப் போனார்.

"நாப்பத்தஞ்சிலயே சர்க்கார் கடுதாசி வந்துடுச்சிப்பா. மருமவ பூவும் பொட்டும் போவுறதப் பாக்க முடியாதுன்னு ஒளிச்சி வெச்சிட்டேன். உன் பெட்டி என்னைக்காவது அவன் பேரைச் சொல்லிடும்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கெடக்கறேன்."

அட கடவுளே! இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே சாவை ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதிகாரி பொறுமை இழந்திருந்தார். "ஜெபராஜ், நீங்க கூடப் போனவராமே. ஆள் உயிரோட இருக்காரா, இல்லையா?"

வேலியோரம் முனிலட்சுமி நின்றாள். பட்டப்பகலில் அவள் அங்கே நின்று ஜெபராஜ் பார்த்ததில்லை. இறந்துவிட்டான் என்றால் கம்பம் போகும், அவள் நெற்றிப் பொட்டும் போகும். கம்பம் போனால் தனக்கும் நிம்மதிதான் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டார்.

"இருக்காருங்க. வருவாருங்க."

சொந்தக்காரர் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி, காகிதத்தை மடித்துக்கொண்டு அதிகாரி கிளம்பினார். கோவிந்தப்பன் ஜெபராஜின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜெபராஜுக்கும் ஏதோ புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு.

அன்று பொழுது சாய முனிலட்சுமி வந்தாள். பேர் கேட்கவில்லை.

"ஏண்ணா பொய் சொன்னீங்க?"

ஜெபராஜ் வேலியருகே வந்தார்.

"மாமன் டிரங்குப் பெட்டியில இருந்த கடுதாசிய அஞ்சு வருசம் முந்தியே மிஷன் ஸ்கூல் டீச்சரம்மா படிச்சிச் சொல்லிட்டாங்க. மாமன் தாங்கமாட்டாரு, அவரக் கேக்க முடியல. கூடப் போன நீங்களாவது சொல்லுவீங்கன்னுதான் தெனம் வந்து நின்னேன். ரேடியோ கேக்கவா வந்தேன்? ஒருத்தராச்சும் வாயத் தொறந்து சொன்னாத்தான நான் அழ முடியும்?"

ஜெபராஜ் சொன்னார். செட்டு கேட்காமல் போனது, மரத்தில் ஏறச் சொன்னது, குண்டு, எல்லாம். தன் பங்கை ஒளிக்காமல் சொன்னார். அவள் வேலியைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏறுறதுக்கு முந்தி சாப்ட்டாராண்ணா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லம்மா. எறங்கி வந்து சாப்புடறேன்னான்."

முனிலட்சுமி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி கதறி அழுதாள்.