பச்சை கேட்ட விமானம்

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபத்தைந்து. பனி விலகி நல்ல வெயில், மேகம் ஒன்றுகூட இல்லை, கிழக்கிலிருந்து லேசான காற்று. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவன் நான். நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

கர்நாடக எல்லைக்கு அப்பால் ராணுவ விமானிகளைப் பழக்கும் தளம் ஒன்றில், விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். உலகப்போர் காலத்தில் அவசரமாகப் போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்தபின் பையன்கள் பறக்கப் பழகும் இடமாகிவிட்டது. முதல்முறை தனியாகப் போகிறவனின் ரேடியோ செத்துப்போனால், கோபுரத்தைச் சுற்றி வந்து இறக்கையை ஆட்டுவான். நாங்கள் விளக்கில் பச்சை காட்டினால்தான் இறங்கலாம், காட்டும்வரை சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், அப்படித்தான் பழக்கியிருந்தோம். போனவர்களையும் வந்தவர்களையும் தினமும் எண்ணினேன். என் காலத்தில் ஒருவன்கூடத் திரும்பாமல் போனதில்லை.

ஓய்வுக்குப் பிறகு, எல்லைக்கு இந்தப் பக்கம் பேரிகை ஊருக்கு வெளியே வீடு. அன்று மொட்டைமாடியில் நின்று வழக்கம்போல எண்ணினேன். நான்கு விமானங்கள் கிழக்கே போயின, நான்கும் திரும்பின. பின்னாலேயே ஐந்தாவதாக ஒன்று, எப்போதோ ஓரங்கட்டப்பட்ட பழைய ரகம், தாழ வந்து என் மாடியைச் சுற்றி இறக்கையை ஆட்டியது. முன் இருக்கையில் ஒரு பையன். பயிற்சி தருபவர் உட்காரும் பின் இருக்கை காலி.

கீழே பக்கத்து நிலத்துக்காரர் முனியப்பா ராகி காயவைத்துக்கொண்டிருந்தார்.

“என்னா சார், இன்னும் சம்பளம் போடறாங்களா? எண்ணிக்கிட்டே இருக்கறீங்க!”

“மேலே பாருய்யா, அந்த விமானம் தெரியுதா?”

நிமிர்ந்தவர், குனிந்து ராகியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “நெழலு ஓடுது சார். மேல ஒண்ணுமே இல்லியே!”

தளத்துக்குப் போன் செய்தேன். பணியில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். “போனது நாலு, வந்தது நாலு. அந்த ரகம் இப்ப பறக்கறதே இல்ல ஐயா. வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?”

ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். அந்த ரகத்தின் டேங்க் இரண்டு மணி நேரம் தாங்காது. ராகி அறுத்த முனியப்பாவின் நிலம் நீளமாகக் காலியாகக் கிடந்தது, இறங்கிவிடலாம், ஆனால் பச்சை பார்க்காமல் இறங்கமாட்டான். டார்ச்சின் முன்னால் பச்சை பாட்டிலைப் பிடித்து ஆட்டினேன். அந்த வெயிலில் வெளிச்சம் எனக்கே தெரியவில்லை. கத்தினேன், கையைக் காட்டினேன், அவன் பாட்டுக்கு இறக்கையை ஆட்டிக்கொண்டு போனான். இருபத்தாறு சுற்று. பதினொன்று ஒன்பதுக்கு இஞ்சின் சத்தம் இருமி நின்றது.

விழுந்த சத்தம் இல்லை, புகை இல்லை. முனியப்பாவின் வண்டியில் ஏறி வேப்பனப்பள்ளிவரை விசாரித்தோம். யாரும் எதையும் பார்க்கவில்லை.

அதன்பிறகு என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஆனால் வெயில் அடிக்கும் காலைகளில் முனியப்பா கீழிருந்து கத்துகிறார், “சார், வந்துட்டான்!” அந்த நிழல் மட்டும் சுற்றுகிறதாம், பதினொன்று ஒன்பதுக்கு நின்றுவிடுகிறதாம். நான் ஏறி நின்று, வெறும் வானத்துக்குப் பச்சை காட்டுகிறேன். இதுவரை அவன் இறங்கவில்லை. பகலிலும் தெரிகிற விளக்கு, பேட்டரி, மாடியில் அதை நிறுத்த இரும்புக் கம்பம், எல்லாம் சேர்த்து இன்றுவரை பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.