அண்ணன் பாடிய என் பாட்டு

கரியாஹாட் சந்தையில் பாத்திரக்காரர் அலுமினியக் குண்டானை விரலால் தாளம் போட்டுத் தட்டி, "தேகுன் தீதி!" என்று, பாருங்கக்கா என்று வங்காளியில் கூப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணன் செத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் அவன்மேல் இருந்த பொறாமை போகவில்லை.

சின்ன வயதில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவன் அரிசி டின்னைத் தட்டுவான், நான் பாடுவேன். கிறிஸ்துமஸ் கீத பவனியில் வீட்டுக்கு வீடு என்னைத்தான் பாடச் சொல்வார்கள். ஒரு வருஷம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அண்ணன் டிரம் அடித்துக்கொண்டே என் பாட்டைப் பாடினான். அதைக் கேட்ட ஒருவர் அவனைப் பார்க் ஸ்ட்ரீட் ஜாஸ் பேண்டில் சேர்த்துவிட்டார். அங்கே ஆங்கிலப் பாட்டைக்கூட ஜெபம் மாதிரி உருகிப் பாடிப் பெயர் வாங்கினான்.

"நீயும் வாடி, சேர்ந்து பாடலாம்."

"என் பாட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டு, இப்ப என்னையே கூப்பிடுறியா?"

"அப்ப வந்து பிடுங்கிக்கடி!" என்று சிரித்தான். நான் போகவே இல்லை.

அவன் அடக்கத்தன்று சர்ச்சில் நிற்க இடமில்லை. அந்தக் கீத பவனிப் பாட்டையே சபை ஐயர் என்னைப் பாடச் சொன்னார். பாடி முடித்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அப்படியே உங்க அண்ணன் மாதிரியே பாடுறடி."

அது முதலில் என் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தேன்.