லேமினேஷன் போட்ட மாத்திரைச் சீட்டு

பெங்களூர்ல எங்க ஈஜிபுரா வீட்ல ஒரு தடவை மழைத்தண்ணி பூந்துச்சு. கட்டிலுக்கடியில பெட்டில இருந்த ரேஷன் கார்டு ஊறிப்போயி கூழாட்டம் ஆயிடுச்சு. புதுசு வாங்க நான் ஏறி எறங்கின ஆபீஸுங்கள சொன்னா அது ஒரு தனிக்கதை. அதுலேர்ந்து எந்தக் காயிதம் கைக்கு வந்தாலும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில லேமினேஷன் போட்டுடுவேன். ஆதாரு, கேஸ் கார்டு, கல்யாண போட்டோ கூட. எனக்குப் படிக்கத் தெரியாது. நாப்பது வருசம் செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சவன். என் மாதிரி ஆளுக்குக் காயிதம்னாலே பயந்தான்.

வீட்டுக்காரிக்குக் கேன்சரு எலும்புல எறங்கினப்புறம் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினாங்க. நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. அது கடையில கெடைக்காது. ஆஸ்டின் டவுன்ல ஒரு மெடிக்கல்ல கேட்டதுக்கு, அந்த ஆளு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு, நான் இன்னமோ கஞ்சா கேட்ட மாதிரி. ஆஸ்பத்திரி கவுண்டர்லதான் குடுப்பாங்க. டாக்டரம்மா அதுக்கு ரெண்டு சீட்டு எழுதுவாங்க. அவ பேரு, வயசு, வீட்டு அட்ரஸு, மாத்திரை எத்தினின்னு நம்பர்லயும் எழுத்துலயும், கீழ அவங்க கையெழுத்து. ஒரு சீட்டு கவுண்டர்ல நின்னுடும். இன்னொண்ணுல எவ்ளோ குடுத்தோம்னு எழுதி, சீல் குத்தி நம்ம கையில குடுப்பாங்க. சட்டம் அப்படி.

ஒரு சனிக்கெழம சீட்டு எழுதினாங்க, ஆனா மாத்திரை ஸ்டாக் இல்ல, திங்கக்கெழம வாங்கன்னாங்க. நல்ல மழை. சட்டைப்பையில இருந்தா ஊறிடுமேன்னு சிவாஜிநகர்ல எறங்கினேன். ரெண்டு சீட்டையும் முதுகோட முதுகு வெச்சு ஒரே பிளாஸ்டிக்ல போட்டு வாங்கினேன். கெட்டிக்காரத்தனம் பண்ணிட்டேன்னு எனக்கே ஒரு சந்தோசம்.

திங்கக்கெழம காலையில பத்து மணிக்குக் கடைசி மாத்திரைய குடுத்துட்டுக் கெளம்பினேன். ரெண்டு மணிக்குள்ள வந்துடுறேன்னு அவகிட்ட சொன்னேன். கவுண்டர்ல இருந்த கன்னடத்தம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. என்னை அவங்க பாஷையில அஜ்ஜா, தாத்தான்னுதான் கூப்பிடுவாங்க.

"அஜ்ஜா, இதுல சீல் எங்க குத்தறது?"

நான் பிளாஸ்டிக் மேலயே குத்துங்கம்மான்னேன். அவங்க சிரிக்கல. ஒரு தடவை குத்திக் காட்டினாங்க. மை வழிஞ்சு போச்சு. ஓரத்த கத்தரிச்சு உரிச்சுப் பாத்தாங்க, காயிதமும் கூடவே கிழிஞ்சு வந்துச்சு. கிழிஞ்ச சீட்டுக்குக் குடுத்தா என் வேலையே போயிடும், புதுசு எழுதி வாங்கிட்டு வாங்கன்னாங்க. எழுதின டாக்டரம்மா லீவு. வேற டாக்டரு ஆபரேஷன்ல. உள்ள மாத்திரை டப்பா எனக்குத் தெரியுது. நடுவுல ஒரு கண்ணாடிதான்.

வராண்டா பெஞ்சுல உக்காந்தேன். அந்தச் செவுரு நான் அடிச்சிருந்தா அப்படித் திட்டுத்திட்டா இருக்காது. கடியாரத்துல ரெண்டு ஆச்சு. மூணு ஆச்சு. போன் பண்ணி அவகிட்ட இன்னா சொல்றது, பண்ணல.

ஆபரேஷன் முடிஞ்சு அந்த டாக்டரு வந்து புதுசா எழுதிக் குடுத்தப்புறம், பழைய சீட்டுல யாரும் திரும்ப மாத்திரை வாங்கிடக் கூடாதுன்னு கவுண்டரம்மா கையெழுத்து இருந்த கீழ்ப்பாதிய கத்தரிச்சு எடுத்துக்கிட்டாங்க. மிச்சத்த, பாவம், என் கையில குடுத்துட்டாங்க. வீடு வந்து சேர அஞ்சு தாண்டிச்சு. அவ செவுத்துப் பக்கம் திரும்பி, முந்தானைய வாயில கடிச்சுக்கிட்டுக் கெடந்தா. மாத்திரைய குடுத்தேன். நடந்தத சொன்னேன். மாத்திரை கேட்டு வலி கொஞ்சம் அடங்கினப்புறம் என் பக்கம் திரும்பினா.

"என்னையும் லேமினேஷன் போட்டு வெச்சுக்கய்யா."

அவ ஜோக்குக்கு அவளே சிரிச்சா. நானும் சிரிச்சேன். அவளுக்கு முன்னால அழக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லி இருந்தாங்க.

அவ போனப்புறம் மிச்ச மாத்திரைய வீட்ல வெக்கக்கூடாதுன்னாங்க. கொண்டுபோயி திருப்பிக் குடுத்தேன். அதோட அந்த ஆஸ்பத்திரிக்குப் போறதும் நின்னு போச்சு. ஆனா பத்து மணி ஆனா, ரெண்டு மணி ஆனா, கை தானா தண்ணி சொம்புக்குப் போவுது.

அந்த அரைச் சீட்டு இப்ப ஜன்னல் கம்பில சொருகி இருக்கு. அவ பேரு எந்த வரின்னு கவுண்டரம்மா அன்னிக்கு விரல் வெச்சுக் காட்டினாங்க, அது எனக்கு மனப்பாடம். அதுக்குக் கீழ எங்க வீட்டு அட்ரஸு. அது மட்டும் இன்னும் சரியா இருக்கு. மழை சாரல் அடிச்சா துணியால தொடைச்சு வெக்கிறேன். எழுத்து அழியல.