பூ பறிக்காத ஒரு நாள்

திருவள்ளூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் வருஷம், எழுபதுகளின் தொடக்கம். மாதர் சங்கத்தில் தோட்டம் அமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மதராஸிலிருந்து ஒரு டீச்சர் வாரம் ஒருநாள் ரயிலில் வருவார். உயரமான செடி பின்னால், குட்டைச் செடி முன்னால். ஒரே நிறத்தைச் சேர்த்து நட வேண்டும். பாதை லேசாக வளைய வேண்டும், கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். சமையலையும் கோலத்தையும் தவிர எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திராத காலம். பைத்தியமே பிடித்துவிட்டது.

எங்கள் கொல்லையில் பூச்செடிக்குப் பஞ்சமில்லை. மாமனார் பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டும் கைங்கர்யம் செய்பவர். செடிகள் இஷ்டத்துக்கு நின்றன. மாற்றி நடட்டுமா என்று கேட்டேன். எங்கே நின்றால் என்ன, பூத்தால் சரி என்றார். சுவரோரம் இருந்த அரளியையும் நந்தியாவட்டையையும் விட்டுவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த மஞ்சள் சாமந்தியை அவற்றின் முன்னால் இரண்டு வரிசையாகச் சேர்த்தேன். கிணற்றடியிலிருந்து துளசி மாடம் வரைக்கும் செங்கல் பதித்து வளைவாக ஒரு பாதை. இடுப்பு ஒடிந்துபோயிற்று.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மாமனார் விடியுமுன்னே எல்லாப் பூவையும் பறித்துவிடுவார். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து பார்த்தால் வெறும் பச்சை. நிறத்தை நிறத்தோடு சேர்த்தவளுக்கு நிறமே மிச்சமில்லை. அழுகையாக வந்தது. யாரோடு சண்டை போடுவது, பெருமாளோடா?

ஒருநாள் டீச்சர், அடுத்த வியாழக்கிழமை உன் தோட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்றார். சங்கத்தில் அத்தனை பேர் இருக்க, என்னிடம் மட்டும் சொன்னார். அன்றைக்கு அந்தத் தோட்டம் பூவோடு நிற்காவிட்டால் நான் என்னத்துக்கு இருக்கிறேன் என்றுகூடத் தோன்றியது. மாமனாரிடம் போனேன்.

"அப்பா, அன்னிக்கு ஒருநாள் மட்டும் பறிக்காம விட்டுடறேளா?"

"பெருமாளுக்கு அன்னிக்கு என்னத்தைச் சாத்தறது?"

கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். மறுநாள் அவராகவே வந்து, கடையில் வாங்கிக் கட்டுகிறேன் என்றார். நாற்பது வருஷத்தில் அவர் கடைப்பூவைத் தொட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வியாழக்கிழமை எல்லாம் பூத்து நின்றது. நான் காய்ந்த சருகைப் பொறுக்கினேன், புல்லைப் பிடுங்கினேன், பிசகியிருந்த செங்கல்லை நிமிர்த்தினேன். அப்புறம் வாசலுக்கு வந்து நின்றேன். பத்து மணி ரயில் வந்து போனது. பிறகு மத்தியான ரயிலும். நடுநடுவே கொல்லைக்கு ஓடினதெல்லாம் புதிதாகச் சருகு விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். மூன்று மணிக்குக் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்ததும் போய்ப் பார்த்தேன். சாமந்தி மொத்தமும் சேற்றில் சாய்ந்து கிடந்தது. டீச்சர் வரவே இல்லை.

கோயிலிலிருந்து வந்ததுமுதல் மாமனார் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்; சருகைத் தேடின என் கண்ணில் அவர் படவே இல்லை. நனைந்துபோய் உள்ளே வந்தவருக்குத் துண்டை நீட்டினேன்.

"நாப்பது வருஷமா பறிச்சிண்டே இருந்துட்டேன், இன்னிக்குத்தாம்மா பார்த்தேன். மஞ்சள் எல்லாம் ஒண்ணா நின்னா எவ்வளவு அழகா இருக்கு! நீ பார்த்தியோ?"

பார்த்தேன்ப்பா என்றேன். எனக்காகப் பெருமாளுக்குக் கடைப்பூவைச் சாத்திவிட்டு வந்தவரிடம் வேறு என்ன சொல்வது?